மூன்று மாக்கல் தட்டுகள்

உங்களுக்கும் எனக்கும் இப்போது ஒரே வேலைதான். பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, பிறகு எட்டப் பிடித்து, ஒன்றும் தெரியாவிட்டாலும் "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். போன வாரம் என் பேத்தி ஒரு கட்டுப் படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, பிடிக்காததை எல்லாம் கிழித்துப் போட்டாள். கிழிந்ததில் ஒன்று நான். கண்ணை மூடிக்கொண்டிருந்தேனாம். நியாயம்தான், எனக்கும் அந்த முகம் பிடிக்கவில்லை. அவள் கிழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டில் ஒரு படம் கழுவிய கதை ஞாபகம் வந்தது. அவளுக்குச் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாள். நீங்கள் எழுந்து போக நேரமாகும் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. நான் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பா கணக்கு வாத்தியார். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவுக்கு மூத்த அத்தை, அக்கா, நான். அத்தை இளம் வயதிலேயே விதவையாகி எங்களோடு வந்துவிட்டவள். அக்காவுக்குப் பதினேழு.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தன் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனபோது, அப்பாவுக்கு ஒரு கேமராப் பெட்டி வந்தது. முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடிப் பிளேட்டுகள் அடுக்கிய அட்டைப் பெட்டி, எல்லாம் சேர்த்து ஒரு கூலியாள் தலைமேல் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அந்தக் காலத்துப் படம் கண்ணாடியில்தான் விழும். ஒரு பக்கம் மருந்து பூசிய கண்ணாடி, நம் சிலேட்டுப் பலகை அகலம் இருக்கும். அதை இருட்டில் வைத்து மருந்துத் தண்ணீரில் கழுவினால்தான் உருவம் தெரியும். கழுவும்வரை வெளிச்சம் பட்டால் போச்சு.

முதலில் எடுத்த கோயில் படத்தையும் ஆற்றுப் படத்தையும் அப்பா திருநெல்வேலி டவுணில் இருந்த படக்காரரிடம் கழுவக் கொடுத்தார். படக்காரர் நல்ல மனிதர்தான், வெற்றிலையும் கையுமாக இருப்பார். கோயில் படம் வந்தபோது கோபுரத்துக்கு மேலே வானத்தில் அவருடைய பெருவிரல் ரேகை சுழி சுழியாகப் பதிந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஞாபகம். மற்ற பிளேட்டுகள் மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டன. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அதில் அக்காவை எடுத்தார். வள்ளியூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்தார்கள், பெண்ணின் படம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். புரட்டாசி மாதம், காலை வெயில். கிணற்றடியில் கயிறு கட்டி வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார். வெள்ளைச் சேலை, முன்னால் எடுத்துப் போட்ட பின்னல். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா கறுப்புத் துணிக்குள்ளிருந்து இரண்டு தடவை வெளியே வந்து அதட்டினார். மூன்றாவது தடவை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அம்மா தோசைக் கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தாள்.

ஐப்பசி முதல் மழையோடு ஊரில் வாந்திபேதி வந்தது. அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் கண்டது. புதன்கிழமை சாயங்காலம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. அதைப் பெருமையாகவோ குறையாகவோ சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அடக்கத்துக்குப் போய்வந்து கால் கழுவிவிட்டு, பசிக்கிறது என்றேன். அத்தை சோறு போட்டாள். அம்மாவும் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். அடுக்களையை அத்தை எடுத்துக்கொண்டாள். மழை பெய்தது, பள்ளிக்கூடம் நடந்தது, ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா வேதம் வாசித்தார். எல்லாம் பஞ்சை அடைத்த காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

பிளேட்டு இன்னும் கேமராவின் மரச் சட்டத்துக்குள் மூடிக் கிடந்தது. அக்காவின் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. டவுண் படக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர், பிளேட்டைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார். இரண்டே நாளில் கழுவித் தந்துவிடுவதாகவும், கையை நன்றாகக் கழுவிக்கொண்டு தொடுவதாகவும் சொன்னார். பாவம், விரல் ரேகை விஷயம் அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு உள்ளே வந்து அத்தையிடம் சொன்னார்.

"அவ முகத்துல வேற ஆளு கை படக்கூடாதுக்கா. நானே கழுவுதேன்."

அதிலிருந்து தொடங்கியது சாமான் தேர்ந்தெடுக்கிற வேலை. சென்னையில் ஒரு கடைக்கு எழுதி, படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வரவழைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு அதன்முன் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு சாமானையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அம்மா கேட்டாளா இல்லையா என்று தெரியாது, ஆனால் எழுந்து போகமாட்டாள். எங்கள் வீட்டில் அப்போது பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான்.

சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று வேண்டும் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது, சிவப்பு வெளிச்சம் பிளேட்டைக் கெடுக்காதாம். அது வைக்கோலுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது. மருந்துப் பொடிகள் பழுப்புப் புட்டிகளில் வந்தன. படிகாரம் நம் மருந்துக் கடையிலேயே கிடைத்தது. தகராறு எல்லாம் தட்டில் வந்தது. பிளேட்டை வைத்துக் கழுவ மூன்று தட்டு வேண்டும், மருந்துக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று, உருவத்தை நிலைக்க வைக்கிற உப்புத் தண்ணீருக்கு ஒன்று.

பீங்கான் தட்டு உத்தமம் என்று புத்தகம் சொன்னது. ரயிலில் வந்து மாட்டுவண்டியில் ஏறினால் முழுசாக வராது என்று அப்பா அடித்துவிட்டார். கறுப்பு ரப்பர்த் தட்டு நம் ஊர்ச் சூட்டில் நெளிந்துபோகும். எனாமல் தட்டில் ஓரம் பெயர்ந்து ஒரு பொட்டுத் துரு இறங்கினாலும் முகத்தில் கறை விழும். பித்தளையையும் செம்பையும் மருந்து தின்றுவிடும். ஈயம் பூசினால்? பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று இருட்டில் யார் பார்ப்பது? இப்படி ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு வாரம் வீட்டிலிருந்த பாத்திரங்களில் எல்லாம் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவைத்து, மறுநாள் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது, தட்டு கிடைத்துவிட்டால் பிறகு பிளேட்டைத் திறக்க வேண்டுமே என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும். அப்போது எனக்குக் கணக்கு வாத்தியார் கணக்குப் போடுகிறார் என்றுதான் தெரிந்தது.

வழி சொன்னது அத்தை. எலுமிச்சைச் சாற்றில் பச்சை பூத்த தன் பித்தளைக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"புளியத் தாங்குதது எதையும் தாங்கும் தம்பி. கல்சட்டியில எத்தன வருசமா புளிக்குழம்பு வைக்கோம், ஒரு நாளு மாறியிருக்கா?"

அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கல்சட்டி உருண்டையாக இருக்கும், பிளேட்டு கிடக்காது. ஆனால் அதே மாக்கல்லில் சதுரமாகக் குடைந்தால்? மறுநாளே சிற்ப வேலை செய்கிற கல்தச்சர் ஒருவரிடம் போய், தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டிவிட்டு வந்தார். பத்து நாளில் மூன்று தட்டுகள் வந்தன. சாம்பல் நிறம், இரண்டு விரல் கனம், தொட்டால் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இருக்கும். இத்தனை நாளில் அப்பா முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். கிறிஸ்மஸுக்குள் படம் வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நிமிர்ந்து பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

புதுக் கல் பாத்திரத்தைப் பழக்காமல் புழங்கக்கூடாது என்பது உங்களில் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி, சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஊற்றிப் பழக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் பட்டென்று விரிசல் விட்டுவிடும். இந்தத் தட்டுகள் அடுப்பு ஏறப்போவதில்லை. ஆனாலும் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையின் படம் கழுவுகிற தட்டு, நடுவில் விரிசல் விட்டால் என்ன ஆகும்? அப்பாவும் செய்யச் சொல்லிவிட்டார். அத்தை தினம் காலையில் கஞ்சி ஊற்றினாள், கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். துக்க வீட்டில் ஒரு மனுஷிக்குக் கிடைத்த வேலை, அதை அவள் ஒரு நாள்கூட விடவில்லை.

தண்ணீருக்கு வேறு பாடு. பாளையங்கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆற்றில் மழைவெள்ளம் செம்மண்ணாக ஓடியது. குடத்தில் எடுத்துவந்து, தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துத் தெளியவைத்து, நாலு மடிப்புத் துணியில் வடிகட்டினார் அப்பா. பிளேட்டின் மேலுள்ள பூச்சு சூடு தாங்காது, தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், நம் ஊரில் கார்த்திகை மார்கழிதான் அதற்குத் தோது என்று புத்தகத்தில் இல்லாததை அவராகவே கண்டுபிடித்திருந்தார். தண்ணீரின் சூட்டை அளக்க மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று இரவல் வாங்கினார்.

நேரம் பார்க்கத்தான் வழியில்லை. அப்பாவின் கடிகார முகம் சிவப்பு வெளிச்சத்தில் தெரியவில்லை, முள்ளும் எழுத்தும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதற்கு அவர் கண்டுபிடித்த கடிகாரம் நான். பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒருதரம் சொன்னால் அரை நிமிஷம். பத்துத் தரம் சொன்னால் ஐந்து நிமிஷம். ஒரு வாரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகம் கூடாமலும் குறையாமலும் சொல்லப் பழக்கினார். அத்தைக்கு இது பிடிக்கவில்லை, கர்த்தருடைய ஜெபம் என்ன முட்டை வேகவைக்கிற காரியமா என்றாள். அப்பா எனக்குச் சொன்னது ஒன்றுதான், எது நடந்தாலும் நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கணக்குத் தப்பும், கணக்குத் தப்பினால் அக்கா முகம் தப்பும்.

மார்கழி பிறந்து முதல் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து அடைமழை, நல்ல குளிர். இதைவிட நல்ல நாள் வராது என்று அப்பா காலையில்தான் முடிவு செய்தார். நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் ஜன்னல் இல்லாத அரங்கு இருக்குமே, நெல்லும் பாத்திரமும் போட்டுவைக்கிற உள்ளறை, அதன் கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்தார். பகல் பதினொரு மணிக்கு அங்கே கண்ணில் குத்தினாலும் தெரியாத இருட்டு. தண்ணீரை அளந்தார், அவர் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. இரவல் குழாய் உடைந்துவிடக்கூடாது என்று அதைத் துடைத்து உறையில் போட்டு, உயரப் பரணில் வைத்தார்.

தட்டுகள் அடுக்களையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாக்கில் சுற்றி இருந்தன. அப்பா இரண்டைத் தூக்கினார். ஒன்றை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். முற்றத்தைத் தாண்டும்போது சாரல் அடித்தது. தட்டு இளஞ்சூடாக இருந்தது. எனக்கு அது சுகமாக இருந்தது. அக்கா செத்த பிறகு என் உடம்பு சுகம் என்று உணர்ந்தது அந்தப் பத்து அடி தூரம்தான், அதனால் மெதுவாகவே நடந்தேன்.

அம்மாவும் உள்ளே வர எழுந்தாள். அப்பா தடுத்துவிட்டார். சரியாக வராவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. "மொதல்ல நான் பாக்குதேன். முடிஞ்சதும் ஒன்னத்தான் கூப்பிடுவேன்" என்றார். அம்மா அரங்குக் கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சிவப்பு விளக்கைக் கொளுத்திக் கதவைச் சாத்தினோம். அப்பா மருந்தைத் தட்டில் ஊற்றி, மரச் சட்டத்தைத் திறந்து பிளேட்டை அதில் இறக்கினார். நான் ஜெபத்தைத் தொடங்கினேன். இரண்டாவது தரம் முடியும்போதே பிளேட்டில் ஏதோ ஓடத் தொடங்கியது. புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரம். அப்பா தட்டின் ஒரு முனையை லேசாகத் தூக்கித் தூக்கி ஆட்டியபடி "வருதா" என்றார், "வாரா, வாரா" என்றார். நாலாவது தரம் சொல்லும்போது அக்கா முழுவதும் வந்துவிட்டாள். நாற்காலி, கை, பின்னல், முகம். நான் குனிந்து பார்த்தேன், வாய் தன்பாட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறாவது தரத்தில் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குமே, அப்படி. அப்பாவின் கை நின்றது. ஏழாவது தரத்தில் நாலு ஓரமும் கண்ணாடியை விட்டுக் கிளம்பின. அவர் அவசரமாகப் பிளேட்டை எடுத்து அடுத்த தட்டுத் தண்ணீரில் போட்டார். அதுவும் அதே கல்தான். பூச்சு கண்ணாடியிலிருந்து வழுக்கி, மடிந்து, முகம் இரண்டாகி நாலாகித் தண்ணீரில் மிதந்தது. அப்பா இரண்டு கையாலும் அதை அள்ளப் பார்த்தார். விரலில் கொழகொழவென்று வந்தது, உருவம் இல்லை.

அப்பா தட்டைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அத்தை விஷயம் தெரியாமல் அன்று காலையிலும் கொதிக்கும் கஞ்சியை ஊற்றி, கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றியிருக்கிறாள். அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் என்பது எந்தச் சமையற்காரிக்கும் தெரியும். தண்ணீரின் சூட்டை அளந்தவர் கல்லின் சூட்டை அளக்கவில்லை. இரண்டு தட்டைக் கையில் தூக்கி வந்தவருக்கு அது உறைக்கவும் இல்லை. அந்த நாட்களில் அவர் கைக்கு எதுவும் உறைத்திருக்காது.

"நீயும் ஒண்ணு தூக்கிட்டு வந்தியே. சுட்டுச்சா?" என்று கேட்டார்.

நான் எட்டாவது தரத்தில் இருந்தேன். எது நடந்தாலும் நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஒன்பது சொன்னேன், பத்துச் சொன்னேன். அவர் காத்திருந்தார்.

"சுடலப்பா. சொகமா இருந்துச்சு."

அப்பா விளக்கின் திரியை இறக்கினார். பிறகு இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. "அத்தகிட்ட சொல்லாத, என்ன."

கதவைத் திறந்ததும் அம்மா எழுந்து நின்றாள். அப்பா அவளிடம் கண்ணாடியைக் கொடுத்தார். பிளேட்டு பழசு, மருந்துப் பூச்சு கெட்டுப்போயிருக்கிறது என்றார். அம்மா அந்த வெறும் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து அதன்வழியாக முற்றத்து மழையைப் பார்த்தாள். அத்தை வெள்ளைக்காரப் பாதிரியாரைத் திட்டினாள், கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான் என்று. சாகிறவரை அவளுக்கு உண்மை தெரியாது. மூன்று தட்டையும் ஊறுகாய் போட வைத்துக்கொண்டாள். இப்போது அவை எங்கே என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியும் எங்கே என்று தெரியாது. அப்பா கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை. கல் சூடாக இருந்தால் படம் கெடும் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அப்பா எத்தனை நாள் என் காதுபட வாசித்திருக்கிறார். எனக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது, அதனால் யோசிக்கவில்லை. அறுபது வருஷமாக இதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் வந்தது, போனது. அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ மத்தியானம். அப்பாவும் அத்தையும் வீட்டில் இல்லை. நான் கிணற்றடியில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகப் பேசாத குரல், தொண்டை கட்டியிருந்தது.

"ஏட்டி, நீ பாத்தியா?"

எதை என்று நான் கேட்கவில்லை. "பாத்தேம்மா."

"எப்படி இருந்தா?"

படம் கழுவும்போது கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷமாயிற்று. நான் பார்த்ததைச் சொன்னேன். முகம் கறுத்துச் சுருங்கி இருந்தது, சேலை கறுப்பு, தலைமுடி வெள்ளை என்று.

"முடி வெள்ளையா? பூராவுமா?"

"பூராவும்மா. பின்னல்கூட வெள்ளதான்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

"அப்பம் கெழவி ஆயிருக்கா" என்றாள். "எம்பிள்ள கெழவி ஆயிருக்கா."

நான் ஆமாம் என்றேன். அம்மா கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த புளியங்கொட்டைகளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.